கொசுறு கொடுத்துக் கடை நடத்திய கன்னிகா

எங்கள் ஆபீசில் என்னைக் கோபக்காரி என்று சொல்வார்கள். சொல்லட்டும். திருப்பதியில் ஒரு ஆடிட்டரிடம் எட்டு வருஷமாக ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்கிற வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம். மாதம் நூற்றுப் பத்துப் பேருடைய கணக்கு என் கை வழியாகப் போகிறது. அதில் கோபம் வராத கணக்கு ஒன்றைக் காட்டுங்கள், நான் சாந்தமாகிவிடுகிறேன். ஆனால் கன்னிகா விஷயத்தில் வந்த கோபத்தில் பாதி எனக்கு என் மேலேயே வந்தது. அது இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கன்னிகாவுக்கு முப்பத்தொரு வயது. பிச்சாட்டூரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே போனால் அவள் ஊர். அவள் மாமனாருக்கு அரசாங்கம் கொடுத்த பட்டா நிலம் ஒரு ஏக்கர் இருக்கிறது. அதற்கு முன் அந்த வீட்டில் யாருக்கும் ஒரு சாண் மண் கிடையாது. கணவன் சம்பத் அதில் வருஷம் ஒரு போகம் வேர்க்கடலை போடுகிறான், மற்ற நாட்களில் கூலிக்குப் போகிறான். கன்னிகா ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் செல்போன் பாகங்களைப் பொருத்துகிற வேலையில் ஆறு வருஷம் இருந்தாள். விடியற்காலை நாலரை மணிக்குக் கம்பெனி பஸ். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்கிற வேலை. ஐந்தாவது வருஷமே இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டது. நிற்கிற வேலையை விட்டால்தான் கால் பிழைக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டாள்.

விட்டவள் சும்மா இருக்கவில்லை. கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் கொண்டுபோகிற வேர்க்கடலைக் காரப்பொடிக்குப் பெரிய கிராக்கி இருந்ததாம். அதையே பாக்கெட் போட்டு ஆன்லைனில் விற்கலாம் என்று யாரோ சொல்ல, அந்த விற்பனைக் கம்பெனி ஜி.எஸ்.டி. நம்பர் கேட்க, போன வருஷம் தை மாதம் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் நீட்டிக்கொண்டாள். எனக்கு ஒரு பாக்கெட் பொடியும், கூடவே இன்னொரு குட்டிப் பாக்கெட்டும் கொடுத்தாள்.

"இது நானூறு கிராமு. இந்தச் சின்னது சும்மாக்கா, துன்னு பாரு."

தின்று பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அருமையான பொடி. பூண்டும் மிளகாயும் அளவாக இருந்தன. சூடான சோற்றில் போட்டு நல்லெண்ணெய் விட்டால் வேறு ஒன்றும் வேண்டாம். இரண்டையும் நாலு நாளில் காலி செய்துவிட்டு, அந்தக் குட்டிப் பாக்கெட்டைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் இருந்துவிட்டேன். என் புத்தியை எதால் அடிப்பது!

வியாபாரம் ஆரம்பித்தது. பாக்கெட் விலை இருநூற்று நாற்பத்தொன்பது. ஒரு மாதத்திலேயே நாளைக்கு ஐந்து ஆர்டர் என்று நின்றது. பெங்களூர், புனே, அஸ்ஸாம் என்று எங்கெங்கோ போனது. அஸ்ஸாமில் நம் வேர்க்கடலைப் பொடியை யார் கேட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாலு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் என்று மதிப்பெண் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு மாதமும் போனில் கூப்பிட்டு, "அக்கா, இந்த மாசம் நூத்தம்பது போச்சி" என்பாள். நானும் "சபாஷ்" என்பேன்.

சபாஷ் சொன்ன நானே அந்த மாதக் கணக்கையும் தாக்கல் செய்தேன். விற்பனைக் கம்பெனி அவளிடம் பிடித்த கட்டணத்துக்கு வரி பில் அனுப்பும். தரகு, நிரந்தரக் கட்டணம், அனுப்பும் கூலி, அதற்கெல்லாம் மேலே பதினெட்டு சதவீதம் வரி. அந்தத் தொகை மாதாமாதம் என் கண் முன்னால் வந்து நிற்கும். நான் அதைப் பார்த்து, கட்டத்தில் ஏற்றி, பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த ஆளின் கணக்குக்குப் போவேன். இருநூற்று நாற்பத்தொன்பதில் கட்டணம் மட்டும் நூற்று அறுபத்தைந்து போகிறதே, இவள் எப்படிப் பிழைப்பாள் என்று எட்டு மாதத்தில் ஒரு நாள் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. நூற்றுப் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்பது ஒரு சாக்கு.

கேட்டது சம்பத். ஆவணி மாதக் கடைசியில் ஒரு நாள் இரண்டு பேரும் ஆபீசுக்கு வந்தார்கள். பஸ்ஸிலேயே சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மேடம், நீங்களே சொல்லுங்க" என்றான் சம்பத். "போன வருஷம் நாப்பது கிலோவா பதினஞ்சு மூட்ட. ரமணா கிட்ட போட்டிருந்தா அறுபத்தி நாலு ரேட்டுக்கு முப்பத்தெட்டாயிரம் வந்திருக்கும். இவ பொடி போடறேன்னு எல்லாத்தையும் ஒடச்சிட்டா. எங்க என் முப்பத்தெட்டாயிரம்?"

ரமணா என்பது அறுவடை சமயத்தில் லாரியோடு வந்து ஊர் முழுக்க வேர்க்கடலை எடுக்கிற வியாபாரி.

"மாசம் மூவாயிரத்து அறநூறு மிஞ்சிச்சே, அது கண்ணுக்குத் தெரியலயா?" என்று கன்னிகா பாய்ந்தாள். "மொளகா, பூண்டு, கேஸு, பொட்டி எல்லாம் போவத்தான் சொல்றேன்!"

"கடல?"

"கடல நம்ம கழனிதானே!"

எனக்குச் சுருக்கென்றது. எட்டு மாதமும் அவள் எழுதி வைத்த செலவுக் கணக்கில் டேப்புக்கும் பசைக்கும்கூட விலை இருந்தது, கடலைக்கு இல்லை. கடையில் வாங்கினால்தானே செலவு! சொந்த நிலத்தில் விளைந்ததற்கு யார் பில் கொடுப்பார்கள்? நான் கால்குலேட்டரை எடுத்தேன். மூவாயிரத்து அறுநூறு, எட்டு மாதம். இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு. கடலையை அப்படியே விற்றிருந்தால் முப்பத்தெட்டாயிரத்து நானூறு. எட்டு மாதம் வறுத்து, அரைத்து, பாக்கெட் போட்டு, பிச்சாட்டூர் வரைக்கும் சுமந்துபோய்க் கொடுத்ததற்குக் கூலியாக அவள் தன் கையிலிருந்து ஒன்பதாயிரத்து அறுநூறு கொடுத்திருக்கிறாள். பாக்கெட்டுக்கு எட்டு ரூபாய்.

கன்னிகா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னும் நெறய ஆர்டர் வந்தா சரியாப்பூடும்" என்றாள்.

"வந்தா இன்னும் நெறய எட்டு ரூபா போவும்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அங்கேயே ஒரு பேச்சு முடிவானது. கார்த்திகையில் புதுக்கடலை வரும். பயிர் பிடுங்கிக் காயவைத்ததும் ரமணா லாரியைக் கொண்டுவருவான். அதற்குள் பொடிக்கணக்கு சரியாகி, ரமணா கொடுப்பதைவிடக் கூடுதலாக வரும் என்று கன்னிகா காட்டினால் கடலை அவளுக்கு. இல்லையென்றால் மூட்டையெல்லாம் லாரிக்கு. லாரிக்குப் போனால் பொடி இல்லை, கடை இல்லை, அவள் மறுபடியும் நாலரை மணி பஸ் ஏற வேண்டும். கம்பெனியில் பழைய சூப்பர்வைசர் கல்பனா, இடம் இருக்கிறது வா என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். கால்? அதைப் பற்றிச் சம்பத்தும் பேசவில்லை, கன்னிகாவும் பேசவில்லை.

அன்று சாயங்காலமே விற்பனைக் கம்பெனியின் கட்டண அறிக்கையைத் திறந்து உட்கார்ந்தேன். முப்பத்தாறு பத்தி. எவன் இதை உருவாக்கினானோ, அவன் ஒரு நாள் இதை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று சபித்துக்கொண்டே ஒவ்வொரு பத்தியாகப் போனேன். தரகு முப்பது, சரி. நிரந்தரக் கட்டணம் பதினைந்து, திருட்டு, ஆனாலும் சரி. அனுப்பும் கூலி தொண்ணூற்றைந்து. அங்கே நின்றேன். அரைக் கிலோ வரைக்கும் ஐம்பது, அதைத் தாண்டினால் ஒரு கிலோ வரைக்கும் தொண்ணூற்றைந்து என்றுதான் அவர்கள் விதி. நானூறு கிராம் பொடிக்கு எதற்குத் தொண்ணூற்றைந்து?

உதவி மையத்துக்கு எழுதினேன். ஒரு இயந்திரம் பதில் சொன்னது. வணக்கம், உங்கள் மகிழ்ச்சியே எங்கள் நோக்கம் என்றது. எடை தப்பாகப் பிடிக்கிறீர்கள் என்றேன். எடை விதிகள் பக்கத்தைப் பார்க்கவும் என்றது. பார்த்தேன், பதினான்கு பக்கம், படித்து முடித்தும் பதில் இல்லை என்றேன். உங்கள் சந்தேகம் தீர்ந்ததா, ஐந்து நட்சத்திரம் கொடுங்கள் என்றது. மேஜையைத் தட்டினேன், எதிர் மேஜைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் கன்னிகாவுக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, ஒரு பார்சல் கட்டி கடைத் தராசுல வச்சிப் பாரு."

சிறிது நேரம் கழித்துச் சொன்னாள். "ஐந்நூத்தி இருவதுக்கா."

"பொடி நானூறு. பையும் பொட்டியும் அறுபத்தஞ்சு. மீதி இன்னா கீது உள்ள?"

"கொசுறு."

"இன்னாது?"

"கொசுறுக்கா. சின்னப் பாக்கெட்டு. உனக்குக் குடுத்தேனே!"

அடிப்பாவி என்றுதான் முதலில் வாயில் வந்தது. எட்டு மாதமாக, ஆயிரத்து இருநூறு பார்சலிலும், ஒன்று விடாமல் ஒரு கைப்பிடிப் பொடியைத் தனியாகக் கட்டிப் போட்டிருக்கிறாள். காசு வாங்காமல். பட்டியலில் சொல்லாமல். அந்தக் கைப்பிடியால் பார்சல் அரைக் கிலோவை இருபது கிராம் தாண்டியிருக்கிறது. இருபது கிராமுக்கு வரியோடு ஐம்பத்து மூன்று ரூபாய் கூடுதல் கூலி. ஆயிரத்து இருநூறு பாக்கெட்டுக்கு அறுபத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய். கணக்குப் போட்டுவிட்டு அந்தத் தாளைக் கசக்கினேன். பிறகு அவளுக்குக் காட்ட வேண்டுமே என்று பிரித்து நீவினேன்.

"எதுக்குடி போட்ட? யார் கேட்டாங்க?"

"கேட்டா குடுக்கறதுக்கு எதுக்குக்கா கொசுறுன்னு பேரு?" அவளுக்கும் குரல் ஏறியது. "பிச்சாட்டூர் சந்தையில நாலு ரூபாக்குக் கொத்தமல்லி வாங்குனாக்கூட ரெண்டு தழ மேல வெக்கறாங்க. இங்க காசு குடுத்து வாங்கறவங்க மூஞ்சக்கூட நான் பாக்கல. வாங்கன்னு சொல்ல முடியல, நல்லா கீதான்னு கேக்க முடியல. வெறும் பொட்டிய ஒட்டி அனுப்புனா என்னப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

கொசுறு வேண்டாம், இன்றிலிருந்து நிறுத்து, கூலியில் ஐம்பத்து மூன்றும் கொசுறுப் பொடியில் பத்தும் தப்பும், எட்டு நஷ்டம் போகப் பாக்கெட்டுக்கு ஐம்பத்தைந்து ரூபாய் மிஞ்சும், கடலைக்கு ரமணா விலையைப் போட்டாலும் ஐம்பத்தைந்து என்று மட்டும் சொன்னேன். அந்த ஐம்பத்தைந்து என்ற எண் அவளைப் பிடித்துக்கொண்டது. எட்டு ரூபாய் நஷ்டம் எங்கே, ஐம்பத்தைந்து லாபம் எங்கே! அன்றைக்கே நிறுத்தினாள்.

பத்து நாள் நன்றாகத்தான் இருந்தது. பதினோராவது நாள் ஒரு நட்சத்திரம் விழுந்தது. போன முறை சிறிய பாக்கெட் ஒன்று இலவசமாக வந்தது, இந்த முறை எடுத்துவிட்டார்கள், ஏமாற்று வேலை என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். அடுத்த வாரம் இன்னும் நாலு பேர். அளவு குறைந்துவிட்டது என்று ஒருத்தர். நானூறு கிராம் என்று போட்டிருக்கிறது, நானூறு கிராம் இருக்கிறது, எங்கே குறைந்தது? கொசுறோடு ஒரு தடவை வாங்கியவர்களுக்கு நானூறு கிராமே குறைவாகத் தெரிந்தது. அவள் கொடுத்தபோது அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதவர்கள் இவர்கள். நாலரை இருந்த மதிப்பெண் மூன்றே முக்காலுக்கு வந்தது. மதிப்பெண் இறங்கினால் கம்பெனி உங்கள் பொருளைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். மேலே வர வேண்டுமா, விளம்பரத்துக்குக் காசு கட்டு என்கிறது. நாளைக்கு ஐந்து ஆர்டர் இரண்டாகி, சில நாள் ஒன்றாகி, சில நாள் ஒன்றுமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அவள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு யோசனையைத் தேய்த்துக்கொண்டு போனேன். என்னைப் பொறுத்தவரை பிரமாதமான யோசனை.

"மேல முப்பது கிராம் போட்டாக்கூட அவங்க தராசு அரைக் கிலோ தாண்டிச்சின்னு காட்டிடும். பெரிய பாக்கெட்ட முந்நூத்தம்பது கிராமா ஆக்கிடு. பட்டியல்லயும் அப்பிடியே மாத்திடலாம். வெல அதே. அப்பால அம்பது கிராம் கொசுறு போடு. மொத்தம் நானூறுதான், அரைக் கிலோ தாண்டாது. கூலியும் ஏறாது, அவங்களும் சந்தோஷம்."

கன்னிகா வறுத்துக்கொண்டிருந்த கடலையிலிருந்து கையை எடுத்தாள்.

"அவங்க பொடியிலயே அம்பது கிராம் எடுத்து, அவங்களுக்கே கொசுறுன்னு குடுக்கறதா?"

"எல்லாக் கம்பெனியும் அதத்தான் செய்யறான். வெலய ஏத்திட்டு தள்ளுபடின்னு போடல?"

"செய்யட்டும். நான் செய்ய மாட்டேன்." அடுப்பை அணைத்தாள். "போடறதுன்னா மேல போடணும். இல்லன்னா போடவே கூடாது. உள்ள இருந்து எடுத்து மேல வெக்கறதுக்கு நான் இன்னா களவாணியா?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பிழைக்கத் தெரியாதவள், ஐம்பது கிராமுக்கு மானம் பார்க்கிறாள், இவளுக்காக ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்தேனே என்று திட்டினேன். நேருக்கு நேர்தான் திட்டினேன். அவள் பதிலுக்கு, "எட்டு மாசம் நீதானேக்கா கணக்கு எழுதன?" என்றாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. காபி போட்டுக் கொடுத்தாள், குடித்துவிட்டுத் திரும்பினேன். அவள் மனசு எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் பஸ்ஸில் வரும்போதும் கோபம் போகவில்லை.

கார்த்திகையில் புதுக்கடலை வந்தது. மழை சரியில்லாததால் இந்த முறை பன்னிரண்டு மூட்டைதான். ரமணா வருகிற சனிக்கிழமை நானும் வர வேண்டும் என்று இரண்டு பேருமே தனித்தனியாகப் போன் செய்தார்கள். ஆளுக்கொரு சாட்சி தேவைப்பட்டது போலிருக்கிறது. லீவு போட்டுவிட்டுப் போனேன்.

மூட்டைகள் வாசலில் அடுக்கியிருந்தன. சம்பத் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான். கன்னிகா கதவருகில் நின்றாள். எதற்கு நிற்கிறாள், உட்காரக்கூடாதா என்று நினைத்தேன்.

"சொல்லுங்க மேடம்" என்றான் சம்பத். "உங்க வாயால சொல்லுங்க. கூடுதலா வருதுன்னா நான் இப்பவே ரமணாவுக்குப் போன் போட்டு வராதேன்னு சொல்லிடறேன். பேச்சுன்னா பேச்சுதான்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பையிலிருந்து தாளை எடுத்து, "கடலைக்கு ரமணா வெலயப் போட்டும் பாக்கெட்டுக்கு அம்பத்தஞ்சு மிஞ்சுதுப்பா" என்றேன். பொய் இல்லை. அவன் முகம் மாறியது. அம்பத்தஞ்சா என்று கன்னிகாவைத் திரும்பிப் பார்த்தான். அவன் சட்டைப்பையில் கை வைத்துப் போனை எடுத்ததை நான் பார்த்தேன். அவ்வளவுதான், முடிந்தது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தக் கால்களோடு அவள் பஸ் ஏற வேண்டாம்.

"அக்கா, முழுசா சொல்லு" என்றாள் கன்னிகா.

நான் தாளையே பார்த்தேன்.

"நீ சொல்லலன்னா நான் சொல்றேன். போன மாசம் போனது நாப்பத்தாறு பாக்கெட்டு. அதுக்கு அர மூட்ட கடல போதும். இந்தப் பன்னெண்டு மூட்டையும் தீர ரெண்டு வருஷம் ஆவும். ஆறு மாசத்துல பூச்சி உழுந்துடும்." அவள் கதவை விட்டு மூட்டைகள் பக்கம் வந்தாள். "அம்பத்தஞ்சு நெசம்தான். வாங்க ஆள் இல்ல. ரமணாவுக்கே போட்டுடு."

சம்பத் போனைத் திரும்பப் பைக்குள் போட்டான். நான் சொல்லி முடித்த பொய்யை, பொய்யில்லாத பொய்யை, அவளே வந்து உடைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த நேர்மையை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனியில் என்ன விற்க முடியும் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

பதினொரு மணிக்கு லாரி வந்தது. ரமணா இறங்கியதும் ஒரு மூட்டையைக் குத்தி, நாலு காயை உடைத்து வாயில் போட்டான்.

"அரவை நாலுகு" என்று தெலுங்கில் ஆரம்பித்தான். "அறுபத்தி நாலு ரூபா. போன வருஷ ரேட்டே, கொறைக்கல" என்றான். சம்பத் தலையாட்டினான். ஊரில் எல்லோருக்கும் அதே விலைதான்.

கன்னிகா முன்னால் வந்தாள். "கையில எவ்ளோ வரும்?"

"ஏம்மா? அறுபத்தி நாலு."

"அது ரேட்டு. பிடிக்கறதெல்லாம் பிடிச்சிட்டு கையில எவ்ளோ வரும்னு கேக்கறேன்."

ரமணா சிரித்தான். அப்படி ஒரு கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை. கன்னிகா சிரிக்கவில்லை. மூட்டைக்கு எவ்வளவு கழிக்கிறாய் என்று ஆரம்பித்தாள். தூசிக்கும் ஈரத்துக்கும் மூட்டைக்கு இரண்டு கிலோ. தரகு நூற்றுக்கு மூன்று. ஏற்றுக்கூலி மூட்டைக்கு இருபது. சாக்கு முப்பத்தைந்து. ஒவ்வொன்றாக அவன் வாயிலிருந்து பிடுங்கினாள், நான் பின்னாலிருந்து கால்குலேட்டரில் தட்டிக்கொண்டே வந்தேன். நான் அனுப்பிய முப்பத்தாறு பத்தி அறிக்கையை ஒன்றரை மாதம் உட்கார்ந்து படித்த பெண்ணுக்கு இது எம்மாத்திரம்? நானூற்று எண்பது கிலோவுக்குக் கையில் வருவது இருபத்தேழாயிரத்து அறுநூற்றைம்பது. வகுத்தேன். ஐம்பத்தேழரை ரூபாய்.

"கிலோவுக்கு ஆறர ரூபா எங்க போச்சி?" என்று கேட்டாள்.

"ஊரு வழக்கம்மா" என்றான் ரமணா. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "உங்க நைனா காலத்துல இருந்து இதான். இஷ்டம் இருந்தா போடுங்க, இல்லன்னா லாரிய எடுத்துக்கினு போறேன். நாலு வீடு காத்துக்கினு கீது."

சம்பத் கன்னிகாவைப் பார்த்து, "இன்னாமே, வந்தவன் கிட்ட வம்பு?" என்று கத்த வாயெடுத்தான். எடுத்தவன் நிறுத்திவிட்டான். விரலை மடக்கி என்னவோ எண்ணினான். எத்தனை வருஷம் இவனுக்குப் போட்டிருக்கிறோம் என்று எண்ணினான் போல. எண்ணி முடித்து அவன் லாரியைப் பார்த்தான், மூட்டைகளைப் பார்த்தான். வேறு லாரி வந்தாலும் இதே கழிவுதான், அது மூன்று பேருக்கும் தெரியும். பிறகு அவனே குனிந்து முதல் மூட்டையை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினான். இன்னொரு பக்கம் கன்னிகா பிடித்தாள். பன்னிரண்டும் ஏறின. ஏற்றுக்கூலியை ரமணா அப்படியும் பிடித்துக்கொண்டான். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏற்றியதற்கு உனக்கு எதற்குக் கூலி என்று நான் கத்தினேன். அதுவும் வழக்கம் என்றான்.

லாரி போனதும் கன்னிகா போனை எடுத்துக் கல்பனாவிடம் பேசினாள். திங்கட்கிழமை காலை நாலரைக்கு வருகிறேன் என்றாள். வாசலிலேயே உட்கார்ந்து புடவையைக் கணுக்கால் வரை தூக்கிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். சம்பத் போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

அப்போது பக்கத்துத் தெரு முனுசாமி மோட்டார் சைக்கிளில் வந்து இஞ்சினை அணைக்காமலே காலை ஊன்றினான். அவனும் அன்று காலையில்தான் ரமணாவுக்கு மூட்டை போட்டிருந்தான்.

"இன்னா சம்பத்து, இன்னா ரேட்டு போச்சி?"

அந்த ஊரில் எல்லோரும் சொல்கிற பதில் ஒன்றுதான். சம்பத் வாயைத் திறந்தான். கன்னிகாவைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "அம்பத்தேழர" என்றான்.

"அம்பத்தேழரயா!" முனுசாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடப்பாவி, நல்லா ஏமாந்துட்டியே! எனக்கு அறுபத்தி நாலு குடுத்தாம்பா. முழுசா அறுபத்தி நாலு!" வண்டியை முறுக்கிக்கொண்டு கிளம்பினான். போகிற வழியிலேயே எதிரில் வந்த ஒருத்தரிடம், சம்பத்தை ரமணா மொட்டையடித்துவிட்டான் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனது எங்களுக்குக் கேட்டது.

சம்பத் தலையில் கை வைத்துக்கொண்டான். கன்னிகா எழுந்துவிட்டாள். எண்ணெய்க் காலோடு, செருப்புகூட மாட்டாமல், நொண்டிக்கொண்டே தெருவில் அவன் வண்டிக்குப் பின்னால் ஓடினாள்.

"யோவ் முனுசாமி! நில்லுய்யா! கையில எவ்ளோ வந்துச்சின்னு சொல்லிட்டுப் போய்யா!"